லேண்ட் ரோவரா, ஜீப்பா? தோட்டத்துப் பாதை சொல்லும் கணக்கு

 

போன வாரம் தரம் 10 வகுப்பில் இடைவேளை முடிந்தும் ஒரு சண்டை முடியவில்லை. ஒரு பிள்ளையின் தாத்தா தோட்டத்தில் லேண்ட் ரோவர் ஓட்டியவர். இன்னொரு பிள்ளையின் மாமா மிட்சுபிஷி ஜீப் வைத்திருப்பவர். எது நல்ல வண்டி? மேசையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, அதுதான் மலை என்று சொல்லி, அழிறப்பரை வண்டியாக ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வரலாற்றுப் பாடத்துக்குள் நுழைந்த எங்களிடம் தீர்ப்புக் கேட்டார்கள். "இரண்டு நாள் தாருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தோம். இரண்டு நாள் பத்து நாளாகிவிட்டது. தேடத் தேட அது வண்டிக் கதையாக மட்டும் இருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம். தேநீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒரு விசயம். எங்கள் வாப்பா ஹட்டன் பக்கத்தில் பிரதான வீதிச் சந்தியில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருந்தவர். நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் கிரீஸ் வாசத்தில் வளர்ந்தவர்கள். ஆகவே இந்தக் கேள்வி எங்களுக்கும் வீட்டுக் கேள்விதான்.

மலைக்கு முதலில் வந்த வாகனம்

மலைநாட்டில் எந்தப் பாதையிலும் போகக்கூடிய முதல் வாகனம் மாடு. கண்டி இராச்சியக் காலத்தில் முதுகில் பொதி ஏற்றிய மாடுகள் வரிசையாகக் காட்டுப் பாதைகளில் நடந்தன. அதற்குத் தவளம் என்று பெயர். உப்பும் கருவாடும் துணியும் மேலே போகும், பாக்கும் மிளகும் கீழே வரும். அரசனின் போக்குவரத்துப் பிரிவுக்கு 'மடிகே பத்த' என்று பெயர். அதில் பெருமளவு பணி செய்தவர்கள் முஸ்லிம்கள். இன்று ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் நம்மவர்கள் லொறியும் பஸ்ஸும் ஓட்டுவதைப் பார்த்து யாராவது சிரித்தால், இந்தப் பழைய உத்தியோகத்தை ஞாபகப்படுத்துங்கள்.

அதன் பிறகு 1820களில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி வந்தது. கோப்பி வந்தது. கோப்பிக்கு ஆள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து மக்கள் தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். 2023இல் 200 ஆண்டு நினைவாக அதே வழியில் நடைபயணம் போனார்கள் அல்லவா, அந்த வழிதான். அவர்களுக்கு வண்டி என்று ஒன்றும் இல்லை, கால்தான்.

1848இல் நடந்த ஒரு கதை உண்டு. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் பண்ணை அமைக்க வந்தார். இங்கிலாந்திலிருந்து மாடு, ஆடு, நாய், கலப்பை, குதிரை வண்டி எல்லாம் கொண்டுவந்தார். அவருடைய குதிரைக்காரன் ஒருநாள் மது போதையில் அந்தப் புதிய வண்டியை இறம்பொடை மலைப் பாதையில் ஓட்டி, பள்ளத்தில் கவிழ்த்துவிட்டான். உடைந்த வண்டியை மேலே இழுத்துவர ஒரு யானையை அனுப்பினார்கள். அந்த மனிதன் யானையையும் ஓட ஓட விரட்டினான், யானை செத்துப்போனது. பேக்கரே தன் நூலில் இதை எழுதியிருக்கிறார். சமதரையில் நன்றாக ஓடுவது மலையில் ஓடாது என்பதற்கு நம் பகுதியில் கிடைக்கும் பழைய சாட்சி இது. அதோடு, மலையில் வண்டியும் மிருகமும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். இந்த இரண்டாவது பாடத்துக்குக் கடைசியில் வருவோம்.

கோப்பியை 1869இல் வந்த இலை நோய் அழித்தது. தேயிலை வந்தது. ரயில் 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. ஆனால் ரயில் ஸ்டேசனோடு நின்றுவிடும். அங்கிருந்து ஸ்டோர் வரைக்கும் மாட்டு வண்டி. சில தோட்டங்களில் கொழுந்து மூட்டைகள் கம்பியில் தொங்கி இறங்கின. துரை குதிரையில் போனார், பிறகு கார் வாங்கினார். சின்னதுரைக்கு மோட்டார் சைக்கிள். கார் பங்களா வரைக்கும் போகும். மலைக்குள் போகாது. அரை நூற்றாண்டு இப்படித்தான் இருந்தது.

யுத்தம் கொண்டுவந்த ஜீப்

1940இல் அமெரிக்க இராணுவம் ஒரு சிறிய, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டுமென்று 135 கம்பனிகளிடம் கேட்டது. முதலில் செய்து கொடுத்தது பான்டம் என்ற சின்னக் கம்பனி. பெரிய ஒப்பந்தம் கிடைத்ததோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். யுத்தம் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கு மேல் ஜீப்கள் செய்யப்பட்டன.

அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் சுற்றுலா போய் உட்காரும் அதே புல்வெளிகள்தான். மலைநாட்டு மக்கள் ஜீப்பைக் கண்ணால் கண்டது அந்தக் காலத்தில்தான். யுத்தம் முடிந்ததும் மிச்சமான இராணுவ ஜீப்கள் உலகம் முழுவதும் விலைக்கு வந்தன.

அதில் ஒன்றை இங்கிலாந்தில் மொரிஸ் வில்க்ஸ் என்பவர் வைத்திருந்தார். அவர் ரோவர் கார் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர். வேல்ஸ் பக்கம் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் அதைப் பாவித்தார். அது பழுதானால் வேறு என்ன வாங்குவது என்ற யோசனையில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். முதல் மாதிரி வண்டியை ஜீப்பின் செசியிலேயே கட்டினார்கள். அதாவது சண்டை போட்ட நம் பிள்ளைகளின் இரண்டு வண்டிகளும் அண்ணன் தம்பிதான். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவரை உலகுக்குக் காட்டினார்கள். யுத்தத்துக்குப் பிறகு இரும்புக்குத் தட்டுப்பாடு, ஆகவே உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். முதல் வண்டிகளுக்கு இராணுவத்தில் மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டையே அடித்தார்கள். அந்தப் பச்சைதான் நம் பெரியவர்களின் ஞாபகத்தில் "துரை வண்டி"யின் நிறம்.

சரி, எது நல்ல வண்டி?

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறோம். யுத்தகால வில்லிஸ் ஜீப்பையும் முதல் லேண்ட் ரோவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி இரண்டிலும் 80 அங்குலம். எடை ஜீப் சுமார் 1,100 கிலோ, லேண்ட் ரோவர் சுமார் 1,200 கிலோ. இரண்டுக்கும் ஸ்பிரிங் பட்டை, இரண்டுக்கும் டிரம் பிரேக்.

என்ஜினில் ஜீப்புக்குத்தான் வெற்றி. ஜீப் 2.2 லீற்றர், 60 குதிரை வலு. லேண்ட் ரோவர் 1.6 லீற்றர், 50 குதிரை வலு. ஆனால் இது கடல் மட்டத்துக் கணக்கு. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் சாதாரண என்ஜினின் வலு சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே ஜீப்பின் 60 சுமார் 49 ஆகிவிடும், லேண்ட் ரோவரின் 50 சுமார் 41 ஆகிவிடும். காபரேட்டரையும் உயரத்துக்கு ஏற்றபடி சரி செய்யாவிட்டால் கறுப்புப் புகைதான். வாப்பா கொழும்பிலிருந்து வரும் வண்டிகளின் புகையைப் பார்த்தே "இது கீழ்நாட்டு வண்டி" என்பார்.

கியரில் லேண்ட் ரோவருக்கு வெற்றி. ஜீப்புக்கு மூன்று கியர், லேண்ட் ரோவருக்கு நான்கு. இரண்டிலும் மலை ஏறுவதற்கென்று தனியாக ஒரு தாழ்ந்த கியர்க் கம்பு உண்டு. அதைப் போட்டு முதலாம் கியரில் ஏறும்போது, ஜீப்பில் என்ஜின் சுமார் 26 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். லேண்ட் ரோவரில் என்ஜின் சுமார் 40 சுற்று சுற்ற வேண்டும். கடையில் நெம்புகோல் நீளமாக இருந்தால் சின்னப் பிள்ளையும் கல்லைப் புரட்டுவது போல, வலு குறைந்த என்ஜின் வலு கூடிய என்ஜினை விட அதிகமாக இழுக்கும். வேகம் மட்டும் நடக்கிற ஆளின் வேகம். தோட்டத்தில் யாருக்கு அவசரம்?

இதை நாங்கள் கடதாசியில் கணக்குப் போட்டுக்கொண்டு ஒரு பழைய டிரைவரிடம் போனோம். அந்தப் பிள்ளையின் தாத்தாதான். வயது 85ஐத் தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டது. கை மட்டும் பேசும்போது இன்னும் ஸ்டியரிங் பிடிக்கிறது. கணக்கைக் கேட்டுச் சிரித்தார்.

"சேர், ஏத்தத்துல எந்த வண்டியும் சொன்ன பேச்சக் கேட்கும். ஏறலன்னா நிக்கும், அவ்வளவுதான். எறக்கத்துலதான் அதோட கொணம் தெரியும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. மழைக்காலத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்துப் பாதை எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. ஒரு பக்கம் கானு, மறுபக்கம் பள்ளம், நடுவில் பாசி பிடித்த கருங்கல்லும் செம்மண் சேறும். அங்கே பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி வழுக்கும். தண்ணீர் புகுந்த டிரம் பிரேக் பிடிக்கவும் பிடிக்காது. ஆகவே கியரில்தான் இறங்க வேண்டும். 40 சுற்றுக்கு ஒரு சுற்று என்ற லேண்ட் ரோவரின் கியர் இங்கே இரண்டாவது பிரேக்காக வேலை செய்கிறது.

ஆனால் 1948 முதல் 1950 வரை வந்த முதல் லேண்ட் ரோவர்களில் ஒரு பொல்லாத விசயம் இருந்தது. நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும்படி செய்திருந்தார்கள். வளைவில் சிக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காக, முன் பக்கத்துக்கு சைக்கிளின் பின் சக்கரத்தில் இருப்பது போல ஒரு அமைப்பு வைத்தார்கள். மிதித்தால் இழுக்கும், விட்டால் தானாகச் சுற்றும். ஏற்றத்தில் பிரச்சினை இல்லை. இறக்கத்தில் என்ஜின் பிடித்து நிறுத்தும்போது முன் சக்கரங்கள் தனியாக ஓடும், பின் சக்கரம் மட்டும்தான் பிடிக்கும். வழுக்குகிற பாதையில் பின்பக்கம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். அதைப் பூட்டுவதற்குக் காலடியில் ஒரு வளையம் இருந்தது. அதை இழுத்துவிட்டு இறங்க வேண்டும். தெரிந்த டிரைவர் இழுப்பார், தெரியாதவர் கானில் கிடப்பார். பிறகு அந்த அமைப்பையே எடுத்துவிட்டு, வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் சேர்க்கிற மாதிரி மாற்றிவிட்டார்கள்.

வளைவுகளில் சின்ன வண்டிதான் ராஜா. 80 அங்குல வண்டிகள் தேயிலை மலையின் கொண்டை ஊசி வளைவில் பெரும்பாலும் ஒரே தடவையில் திரும்பும். பின்னால் வந்த 109 அங்குல நீள லேண்ட் ரோவர் பத்துப் பேரை ஏற்றும், ஆனால் வளைவில் பின்னுக்கு எடுத்து, முன்னுக்குப் போய், மறுபடி எடுத்து… கிளீனர் இறங்கிக் கல் வைக்க வேண்டும்.

துரு விசயத்தில் லேண்ட் ரோவருக்குப் பெயர் பெரிது, உண்மை பாதிதான். அலுமினிய உடம்பு துருப்பிடிக்காது. ஆனால் அடியில் இருக்கும் செசி இரும்புப் பெட்டி. உள்ளே சேறு தங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் வண்டியின் அடியில் ஸ்குரூ டிரைவரால் குத்தி, அது உள்ளே போவதை வாப்பா எங்களுக்குக் காட்டியிருக்கிறார். "மனுசனையும் இப்படித்தான் பார்க்கணும்" என்பார். இன்னொரு பலவீனம் பின் ஹாஃப் ஷாஃப்ட். பாரத்தோடு ஏற்றத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டால் முறிந்துவிடும். அதனால் விசயம் தெரிந்த டிரைவர்கள் ஒரு ஷாஃப்ட்டை சீட்டுக்கு அடியில் வைத்திருப்பார்கள்.

மற்ற போட்டியாளர்கள்

லேண்ட் ரோவருக்கு அதன் சொந்த நாட்டிலேயே 1958இல் ஒரு போட்டி வந்தது, ஒஸ்டின் ஜிப்ஸி. பட்டை ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பரை முறுக்கி வைத்த ஒரு அமைப்பு. இருக்க சொகுசு, உடம்போ இரும்பு. ஈரமான இடத்தில் துரு தின்றுவிட்டது. பிறகு அவர்களே பட்டை ஸ்பிரிங்குக்கும் திரும்பினார்கள். 1968இல் இரண்டு கம்பனிகளும் ஒன்றானபோது ஜிப்ஸியை நிறுத்திவிட்டார்கள்.

இந்தியாவில் மஹிந்திரா கம்பனி 1947இலிருந்து வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தத் தொடங்கியது. அந்தக் கம்பனி 1945இல் தொடங்கும்போது அதன் பெயர் 'மஹிந்திரா அன்ட் முகம்மது'. பங்காளி குலாம் முகம்மது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதி அமைச்சரானார். 1948இல் கம்பனியின் பெயர் மாறியது. பார்த்தீர்களா, நாடு பிரிந்தால் ஜீப்பின் பெயர்ப்பலகையும் பிரிகிறது.

ஜப்பானில் மிட்சுபிஷி 1953இல் அதே வில்லிஸ் ஜீப்பை அனுமதி பெற்றுச் செய்யத் தொடங்கியது. பிறகு அதில் டீசல் என்ஜின் வைத்தார்கள். நம் கராஜ்காரர்கள் 'ஃபோர் டிஆர் ஃபைவ்' என்று செல்லமாகச் சொல்லும் 2.7 லீற்றர் என்ஜின் அந்த வழியில் வந்ததுதான். பெற்றோலை விட டீசல் மலிவு, இழுவை கூட, பாகங்கள் கிடைக்கும். பழைய லேண்ட் ரோவர்களின் பெற்றோல் என்ஜினைத் தூக்கிவிட்டு ஜப்பான் டீசல் என்ஜினைப் போடும் வேலையை வாப்பாவும் செய்திருக்கிறார்.

இது நம் நாட்டு வித்தை மட்டுமல்ல. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சன் என்ற ஊரில், பிரித்தானியத் தோட்டக்காரர்கள் விட்டுப்போன 1950களின் லேண்ட் ரோவர்கள் சந்தக்பூ மலைக்கு அண்மைக் காலம் வரை ஆள் ஏற்றின. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது மஹிந்திரா டீசல் என்ஜின். வெளியே லேண்ட் ரோவர், உள்ளே ஜீப் குடும்பம். எழுபது வருடச் சண்டையை மெக்கானிக்குகள் இப்படித்தான் தீர்த்து வைத்தார்கள்.

இதுவரை எழுதியதை வைத்துப் பிள்ளைகளுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். வேகத்துக்கும் பழுது பார்க்கும் சுலபத்துக்கும் ஜீப். மெல்ல ஏறி இறங்குவதற்கு, வளையம் நீங்கிய பிறகு வந்த லேண்ட் ரோவர். செலவுக்கு மிட்சுபிஷி டீசல். ஆனால் அந்தப் பெரியவர் வீட்டிலிருந்து நாங்கள் எழும்பும் நேரத்தில் சொன்ன ஒன்று எங்களை அப்படி முடிக்க விடவில்லை.

சாவி

1960களில் ஒரு ஆடி மாத இரவு. தோட்டத்தின் பெயரை எழுத மாட்டோம், இன்று அங்கே இருப்பவர்களுக்கு அதில் பங்கில்லை. பணிய கணக்கு லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. தோட்ட மருத்துவிச்சி பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். வண்டிக்கு துரையிடம் துண்டு வாங்க வேண்டும். துரை அன்றிரவு கிளப்புக்குப் போயிருந்தார், நண்பருடைய காரில். லேண்ட் ரோவர் ஷெட்டில் நின்றது.

"சாவி என் சட்டைப் பையிலதான் சேர் இருந்துச்சு" என்றார் பெரியவர். "துண்டு இல்லாம எடுத்தா வேலை போகும். வேலை போனா லயமும் போகும். எனக்கு அப்ப கைப்பிள்ளை. அந்த மனுசன் வந்து என் கால்ல விழுந்தான். நான் தொட்டுப் பாத்துக்கிட்டே நின்னேன், சாவியை."

நான்கு பேர் கம்பளியில் அந்தப் பெண்ணைக் கட்டித் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் இறங்கினார்கள், மழையில். சந்தியில் ஒரு நானா கராஜ் இருந்தது. அங்கே ஒரு பழைய இராணுவ ஜீப். முன் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டுக்குப் பாகம் கிடைக்காமல் கழற்றி வைத்த வண்டி, பின் சக்கரம் மட்டும் இழுக்கும். லயப் பாதையில் ஏறியிருக்க முடியாது. தார் வீதியில் போகும். அந்த நானா எழும்பி ஜீப்பை எடுத்தார். தாய் பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை.

அந்த நானா எங்கள் வாப்பா. அவர் இந்தக் கதையை எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அறுபது வருடம் கழித்து அந்தப் பெரியவர் வாயால்தான் கேட்டோம். "ஒங்க வாப்பா அந்த மாசம் டயர் வாங்க வந்தப்ப என்னைப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. அதுதான் எனக்கு இன்னும் தாங்கல" என்றார்.

அந்த இரவில் அந்த மலையில் இருந்த மிகச் சிறந்த வண்டி ஷெட்டில் நின்றது. முடமான வண்டிதான் ஆளைக் கொண்டுபோனது.

1948இன் இன்னொரு செய்தி

வரலாறு படிப்பிக்கிறவர்கள் ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பழக்கம். லேண்ட் ரோவரைக் காட்டிய அதே 1948இல்தான் நம் பாராளுமன்றத்தில் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் நாடற்றவர்களானார்கள். 1949இல் வந்த இன்னொரு சட்டம், இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் பிரஜாவுரிமைச் சட்டம். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பம் போட்டும் பெரும் பகுதி நிராகரிக்கப்பட்டது. வாக்கும் போனது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. அந்தப் பெரியவரோடு வேலை செய்த கிளீனர், தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போனாராம். கடைசி வரை கடிதம் எழுதினாராம்.

ஏன் இதை வண்டிக் கதையில் சொல்கிறோம்? அந்த டிரைவர் சாவியைக் கொடுக்காததற்குக் காரணம் கல்நெஞ்சம் இல்லை. நாடில்லாத, வாக்கில்லாத, சொந்தமாக ஓர் அறைகூட இல்லாத ஒருவருக்குத் துரையின் துண்டுதான் சட்டம். வேலை போனால் அவருக்காகப் பேச, அவர் வாக்குப் போட்டு அனுப்பிய ஒரு எம்பி கூட இல்லை.

இன்னொன்றும் யோசித்தோம். இது எங்கள் கருத்து, மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். கார் காலத்தில் துரை மலைக்குள் போக வேண்டுமென்றால் பாதை செய்ய வேண்டியிருந்தது. எந்தப் பாதையிலும் போகும் வண்டி வந்த பிறகு பாதையைச் செய்ய வேண்டிய அவசரம் குறைந்துவிட்டது. ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் பாதை உண்டு, ஏனென்றால் தேயிலை லொறியில் போக வேண்டும். லயத்துக்கு? லேண்ட் ரோவர் போகுமே! ஆனால் லேண்ட் ரோவரில் போகிறவர் லயத்தில் இருப்பவர் இல்லை. வண்டி எவ்வளவு நல்லதோ, பாதை அவ்வளவு கெட்டதாகவே இருக்கலாம் என்ற நிலை.

இப்போது

1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. லேண்ட் ரோவர் போய், ஜப்பான் ஜீப் வந்து, அதுவும் போய் கெப் வண்டிகள் வந்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரஜாவுரிமைப் பிரச்சினையும் பெருமளவு தீர்ந்தது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை பிறகு நம் பக்கமும் வந்தது. 2017இல் டிக்கோயாவில் இந்திய உதவியோடு புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறந்தார்கள். இவை எல்லாம் நல்லவை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அம்புலன்ஸ் தார் வீதிக்குச் செய்த வண்டி. லயத்திலிருந்து தார் வீதி வரையுள்ள அந்தக் கடைசி இரண்டு மைலை இன்று கடப்பது எது? மூன்று சக்கரமும் சின்ன என்ஜினும் கொண்ட த்ரீவீலர். நான்கு சக்கர இழுவை இல்லை, தாழ்ந்த கியர் இல்லை, முன் சக்கரம் ஒன்றுதான், கல்லில் மோதினால் கைப்பிடி பறிக்கும். பொறியியல் கணக்கில் அது மலைக்கே ஆகாத வண்டி. ஆனாலும் இரவு இரண்டு மணிக்குப் பிரசவ வலி என்றால் வருவது அதுதான். ஏனென்றால் அதன் சாவி லயத்துப் பையனின் கையில் இருக்கிறது. துண்டு தேவையில்லை.

ஆகவே தரம் 10 பிள்ளைகளே, தீர்ப்பு இதுதான். ஏறுவதை மட்டும் பார்க்காதீர்கள், இறங்குவதையும் பாருங்கள். வெளி உடம்பைப் பார்க்காதீர்கள், செசியைக் குத்திப் பாருங்கள். குதிரை வலுவைக் கேட்கும் முன் கியரைக் கேளுங்கள். இதெல்லாம் கேட்டு முடித்த பிறகு கடைசியாக ஒன்று கேளுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது?

வண்டிகளைப் பற்றி மட்டுமல்ல, வரலாற்றில் எதைப் படித்தாலும் இந்தக் கேள்வி உதவும்.

அந்தப் பெரியவருக்காகத் துஆச் செய்யுங்கள். இந்தக் கதையை எழுதலாமா என்று கேட்டபோது, "பேரைப் போடாம எழுதுங்க சேர், அந்தப் பொம்பளை இன்னும் இருக்காங்க" என்றார். எங்கள் வாப்பாவின் மறுமைக்காகவும் ஒரு துஆ.

உங்கள் தோட்டத்தில் ஓடிய வண்டி எது, யார் ஓட்டினார்கள், யாரை ஏற்றினார்கள், யாரை ஏற்றவில்லை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்த டிரைவர்மார் இன்னும் கொஞ்சப் பேர்தான் மிச்சம்.